வசைக்கு எல்லை உண்டா?

சென்ற ஆண்டு இரண்டாம் தவணை முடிவில் எங்கள் பாடசாலையில் தமிழ் மன்றக் கூட்டம் நடந்தது. வழமையான பேச்சு, பாட்டு, கவிதை வாசிப்புக்குப் பிறகு தரம் 11 மாணவர்கள் புதிதாக ஒன்றைச் செய்ய அனுமதி கேட்டிருந்தார்கள். இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். தாளத்துக்கு ஏற்ப, எதுகை மோனை வைத்து, ஒருவரை ஒருவர் மட்டந்தட்டிப் பாட வேண்டும். யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவருக்கு வெற்றி. ‘சொல்லடி’ என்று தாங்களே அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். மன்றத்துக்குப் பொறுப்பாசிரியன் நான். யாப்பு படிப்பித்தால் கொட்டாவி விடுகிற பெடியள் எதுகை தேடி அகராதி புரட்டுவதைக் கண்ட சந்தோஷத்தில் சம்மதித்துவிட்டேன்.

இறுதிச் சுற்றுக்கு வந்த ஒருவனுடைய தகப்பன் 2009 மே மாதத்தில் காணாமற் போனவர். அப்போது அவனுக்கு ஒரு வயதும் நிரம்பவில்லை. 2017இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரத்தில் தொடர் போராட்டம் தொடங்கியபோது, படத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் அமர்ந்தவர்களில் அவனுடைய தாயும் ஒருவர். மல்லாவியில் இது எல்லோருக்கும் தெரியும். எதிரே நின்ற மாணவனுக்கும் தெரியும். அவன் அதைத்தான் எடுப்பான் என்று இவன் ஊகித்திருக்க வேண்டும். முந்திக்கொண்டான். தகப்பன் இல்லாதவன் நான்தான் என்றான். காலில் கிடக்கிற சப்பாத்து யாரோ தந்தது என்றான். அம்மா றோட்டோரம் குந்தியிருப்பதையும், பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவதையும் சொன்னான். நீ சொல்ல வைத்திருந்ததையெல்லாம் நானே சொல்லிவிட்டேன், உன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டு முடித்தான். மற்றவன் ஒன்றும் பேசாமல் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினான். மண்டபம் அதிர்ந்தது. நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

மூன்றாம் நாள் அந்தத் தாய் பாடசாலைக்கு வந்தார். யாரோ போனில் எடுத்த காணொளி அவரிடமும் போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. “சேர், அவன் கெட்டிக்காரன் எண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கும் சந்தோசம்தான். ஆனா அது என்ர கதையும்தானே. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்” என்றார். நான் ஏதோ சமாளித்து அனுப்பிவைத்தேன். அன்று எனக்குச் சொல்லத் தெரியாமற் போன பதிலைத் தேடுவதே இந்தக் கட்டுரை.

மாணவர்கள் இந்த விளையாட்டை எங்கிருந்து எடுத்தார்கள் என்று விசாரித்தபோது இரண்டு திரைப்படங்களின் பெயரைச் சொன்னார்கள். இரண்டையும் தேடிப் பார்த்தேன்.

ஒன்று, ஸோயா அக்தர் இயக்கி 2019 பெப்ரவரியில் வெளிவந்த ‘கல்லி போய்’ என்ற ஹிந்திப் படம். மும்பாய் தாராவியில் வாழும் முராத் என்ற முஸ்லிம் இளைஞனின் கதை. தகப்பன் பணக்காரர் வீட்டுக் காரோட்டி. நெருக்கமான சிறிய வீட்டுக்குள்ளேயே இரண்டாவது மனைவியைக் கொண்டுவந்து இருத்துகிறார். வேலைக்காரன் மகன் வேலைக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார் நெருங்கிய உறவினர் ஒருவர். யாருக்கும் காட்டாமல் எழுதிவைக்கும் கவிதைகள்தான் முராத்தின் உடைமை. ஸேர் என்ற தெருப்பாடகன் அவனை ராப் மேடைக்கு இழுத்துவருகிறான். முதல் சொற்போரிலேயே முராத் எதிராளியின் கேலிக்கு முன்னால் சொல்லிழந்து நிற்கிறான். உள்ளே கொதிக்கிறதை வெளியே விடு என்று ஸேர் பிறகு அவனைத் தேற்றுகிறான்.

இது முழுக் கற்பனையல்ல. குர்லாவைச் சேர்ந்த நேஸி என்ற நாவேத் ஷேக், டிவைன் என்ற விவியன் பெர்னாண்டஸ் ஆகிய இரண்டு மும்பாய்ப் பாடகர்களின் வாழ்வு இந்தப் படத்துக்குத் தூண்டுதல். நேஸி 2014இல் தன் முதற்பாட்டை ஓர் ஐபேட்டை மட்டும் வைத்துக்கொண்டு பதிவுசெய்து வெளியிட்டவர். தாராவி நமக்கும் அந்நியமான இடமல்ல. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொழிலோடு குடியேறிய மண் அது. அங்கே தமிழிலும் ராப் பாடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். 2018இல் வந்த ‘காலா’ படத்தில் தாராவியின் ராப் குழுவொன்றின் குரலையும் கேட்கலாம்.

மற்றது, 2002இல் வெளிவந்த அமெரிக்கப் படம் ‘8 மைல்’. எமினெம் என்ற பாடகரே கதாநாயகன். டெட்ராய்ட் நகரத்தின் வடக்கு எல்லையாக ஓடுகிற ஒரு வீதியின் பெயர்தான் தலைப்பு. வீதிக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் கறுப்பு மக்கள், அந்தப் பக்கம் வெள்ளையர். கதாநாயகன் வெள்ளையன், ஆனால் வறியவன். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. தாயோடும் சின்னத் தங்கையோடும் இழுவை வண்டி வீட்டில் இருப்பு. இவனும் முதல் மேடையில் வாயடைத்துப் போகிறான். கடைசிப் போட்டியில், எதிராளி தன்னைப்பற்றிச் சொல்லக்கூடிய இழிவுகள் எல்லாவற்றையும் தானே வரிசையாகச் சொல்லிவிடுகிறான். தன் ஏழ்மையை, தாய் வாழும் இடத்தை, தன் காதலி தனக்குச் செய்த துரோகத்தை. பிறகு எதிராளி வசதியான தனியார் பாடசாலையில் படித்தவன் என்ற ஒரேயொரு இரகசியத்தை எடுத்துப் போடுகிறான். மற்றவனிடம் ஆயுதம் மிச்சமில்லை. வென்றவன் கொண்டாடவும் நிற்காமல் தொழிற்சாலைக்கு முறைவேலைக்குத் திரும்பிப் போகிறான். எங்கள் மாணவன் பாடம் எடுத்துக்கொண்டது இந்தக் காட்சியிலிருந்துதான்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு தெரியும். ‘கல்லி போய்’ ஓர் ஏச்சுப் போட்டியோடு முடிவதில்லை. தன் காலம் வரும் என்று முராத் தன்னைப் பற்றிப் பாடும் பாட்டோடு அது நிறைவடைகிறது. ‘8 மைல்’ சொற்போரையே உச்சமாக வைத்து முடிகிறது. வசை என்பது உள்ளே அடைபட்டவன் வெளியே வருவதற்கான வாசல் மட்டுமா, அல்லது அதுவே போய்ச்சேரும் வீடா என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன.

இது அமெரிக்காக் குப்பை, நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால், தமிழில் காளமேகத்தை ரசித்துப் படிப்பித்துவிட்டு வசையை அந்நியச் சரக்கு என்று எப்படிச் சொல்வது? மட்டக்களப்புப் பகுதியின் கொம்புமுறி விளையாட்டில் வடசேரியாரும் தென்சேரியாரும் ஒருவரை ஒருவர் வைது பாடிய பாடல்கள் நாட்டார் பாடல் தொகுப்புகளில் அச்சேறியிருக்கின்றன. அமெரிக்கக் கறுப்பு இளைஞர்களிடமும் ராப் பிறக்குமுன்பே, தெருமுனையில் நின்று ஒருவன் தாயை மற்றவன் கேலிசெய்யும் விளையாட்டு ஒன்று இருந்தது. முதலில் கோபப்படுகிறவன் தோற்றவன். அதிகாரம் உள்ளவனைத் திருப்பி ஏச முடியாத மக்கள் தமக்குள் நாவைத் தீட்டிக்கொண்டார்கள், அவமானத்தைத் தாங்கப் பழகினார்கள் என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. கைகலப்புக்குப் பதிலாகச் சொற்கலப்பு என்ற அளவில் அதில் நன்மையும் இருக்கிறது.

அரபு இலக்கியத்தில் இது ‘ஹிஜா’ என்ற பெயரோடு ஒரு தனிக் கவிதை வகை. உமையாக்கள் காலத்தில் பஸராவின் மிர்பத் சந்தையில் ஜரீர், பரஸ்தக் என்ற இரு பெருங்கவிஞர்கள் நடத்திய வசைப்போர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்தது. ஒருவர் பாடிய அதே யாப்பிலும் இயைபிலும் மற்றவர் பதில் பாட வேண்டும். கூட்டம் கூடிநின்று தீர்ப்புச் சொல்லும். எங்கள் மண்டபத்தில் நடந்ததும் அதுதான். பரஸ்தக் மறைந்தபோது ஜரீரே அவருக்கு இரங்கற்பா பாடினார். ஆகவே அது விளையாட்டுத்தான் என்று சொல்லிக் கடந்துவிடலாம் போலிருக்கும். ஆனால் அந்த வசைகளில் பரஸ்தக்கின் சகோதரி ஜிஃதினும் இழுக்கப்பட்டாள். ஒழுக்கமான அந்தப் பெண்மீது சுமத்திய பழிக்காக ஜரீர் பின்னாளில் இறைவனிடம் மன்னிப்புத் தேடிவந்தார் என்று பழைய உரைகாரர்கள் குறித்திருக்கிறார்கள். பரஸ்தக்கை ஏசியதற்கு அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. பரஸ்தக் களத்தில் நின்றவர். அவருக்கு வாயும் இருந்தது, பதிலும் இருந்தது. அந்தப் பெண் களத்துக்கு வரவேயில்லை.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இரண்டு பக்கமும் கவனத்துக்கு வருகிறது. சூரா ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் தடுக்கிறது. பரிகசிக்கப்படுகிறவர் பரிகசிப்பவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்று காரணமும் காட்டுகிறது. சூரா அஷ்-ஷுஅராவின் இறுதியில் புலவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். ஆனால் அதே இடத்தில், ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தம்மைக் காத்துக்கொள்பவர்களுக்கு விலக்கும் தரப்படுகிறது. அநீதிக்குள்ளானவனின் நாவு கட்டப்படவில்லை.

இந்த விலக்கை நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே ஒரு நிகழ்ச்சி விளக்குகிறது. குறைஷியரின் வசைக்குப் பதில் வசை பாட ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அனுமதி கேட்டார். நானும் அந்த வம்சத்தவன் ஆயிற்றே, என்னை என்ன செய்வீர் என்று நபியவர்கள் கேட்டார்கள். பிசைந்த மாவிலிருந்து முடியை உருவுவதுபோல் உங்களை அவர்களிலிருந்து உருவி எடுத்துவிடுவேன் என்று ஹஸ்ஸான் சொன்னார். வம்ச வரலாறு அறிந்த அபூபக்ர் (ரலி) அவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளும்படியும் அவருக்குச் சொல்லப்பட்டது. வசை நியாயமா என்ற கேள்வியோடு அங்கே விடயம் முடியவில்லை. குறியில் இல்லாத யார்மீது அது படும் என்ற கேள்வி எழுந்தது. அதற்காகக் கவிஞர் போய்க் கேட்டுப் படிக்க வேண்டியும் இருந்தது.

ஹுதைஆ என்ற கவிஞரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். வசை பாடுவதையே பிழைப்பாகக் கொண்டவர். ஸிப்ரிகான் என்ற கோத்திரத் தலைவரை அவர் வைது பாட, முறைப்பாடு கலீபா உமர் (ரலி) அவர்களிடம் போனது. அந்தக் கவிதை வெளிப்பார்வைக்குப் புகழ்ச்சி போலிருந்தது. நமது அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்போமே, அந்த வகை. எனக்கு இதில் வசை தெரியவில்லையே என்றார் உமர். ஆனால் தம் காதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லவில்லை. ஹஸ்ஸானை அழைத்துக் கேட்டார். இதைவிடக் கேவலப்படுத்த முடியாது என்று ஹஸ்ஸான் சொன்ன பிறகே ஹுதைஆ சிறைவைக்கப்பட்டார். உள்ளேயிருந்து தன் பசித்த பிள்ளைகளைப் பற்றி அவர் பாடிய கவிதை உமரை அழவைத்தது. விடுவித்து, இனி முஸ்லிம்களின் மானத்தில் கைவைப்பதில்லை என்று வாக்கு வாங்கி, அதற்கு ஈடாக 3,000 திர்ஹம் கொடுத்தார் என்று இலக்கிய வரலாறுகள் கூறும்.

ஓர் ஆசிரியனாக எனக்கு அந்த விசாரணைதான் பெரிதாகப் படுகிறது. வகுப்பில் ஒரு பெடியனை எல்லோரும் ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அது வேடிக்கையான பெயராகத்தான் கேட்கும். அது எங்கே குத்துகிறது என்று குத்துப்பட்டவனுக்கும் குத்தியவனுக்கும் மட்டுமே தெரியும். கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்துச் சித்தியடைந்த நானும் இத்தனை வருடங்களில் எத்தனை பெயர்களைச் சிரித்துக்கொண்டே கடந்துவந்திருப்பேனோ.

அதே ஹுதைஆ ஒருநாள் ஏசுவதற்கு ஆள் கிடைக்காமல், தண்ணீரில் தன் முகத்தைக் கண்டு தன்னையே வைது பாடினாராம். டெட்ராய்ட் பாடகனும் எங்கள் மாணவனும் செய்ததை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திச் செய்தவர் அவர். தன்னைத் தானே ஏசிக்கொள்கிறவனை யார் தடுக்க முடியும், அதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் தன் தாயையும் வைது பாடியவர். தன்னைச் சொல்லிக்கொண்டு போகிறவன் எந்த இடத்தில் தாயைச் சொல்லத் தொடங்குகிறான் என்பதை அவனே அறியமாட்டான். ‘8 மைல்’ பாடகன் தன் இழிவாக எடுத்து வைத்தவற்றில் ஒன்று, தாய் குடியிருந்த வீடு. அந்தத் தாயிடம் யாரும் கேட்கவில்லை. படம் பார்க்கும் நாமும் அதைக் கவனிப்பதில்லை, கைதட்டிக்கொண்டிருப்பதால்.

இதை எழுதும்போது என்னையும் ஒளித்துக்கொள்ள முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்தோம். அங்கே நான் சேர்ந்த பாடசாலையில் எனக்குப் பெயர் இருக்கவில்லை. ‘அகதி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களும் எங்கள் சமூகத்துப் பிள்ளைகள்தான். ஒரு வருடம் அழுதேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவது. நிவாரண வரிசையில் வாப்பா நிற்கும் விதம், அரிசிப் பையை ஏந்தும் விதம், முத்திரைப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டுத் தடுமாறும் விதம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். வகுப்பு உருண்டு சிரிக்கும். அதன்பிறகு என்னை யாரும் அகதி என்று கூப்பிடவில்லை. நான் வென்றுவிட்டேன்.

ஊரில் வாப்பாவுக்கு வயலும் மாடுகளும் இருந்தன. நாலு பேர் வந்து ஆலோசனை கேட்கிற மனிதர். அவரைச் சில்லறையாக மாற்றித்தான் நான் என் வகுப்பில் இடம் வாங்கினேன். அவருக்கு இது கடைசிவரை தெரியவராது. தெரியாமற் போனதால் அந்தக் கணக்கு எனக்குத் தீர்ந்துவிடவில்லை. அன்று அந்தத் தாய் என் முன்னால் அமர்ந்து பேசியபோது எனக்கு வாய் எழாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே வசைக்கு எல்லை உண்டா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஒருவன் செய்ததைச் சொல்லி ஏசினால் அவன் மறுக்கலாம், திருந்தலாம், திருப்பி ஏசலாம். அவன்மேல் விழுந்ததைச் சொல்லி ஏசினால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. காணாமற் போன தகப்பனுக்கு எதுகையில் என்ன பதில் இருக்கிறது? எங்கள் மாணவன் அந்தப் பதிலில்லாத இடத்தைத் தானே திறந்து காட்டித் தப்பினான். அவனை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த இடத்தில் குத்து விழும் என்று தெரிந்த ஒரு மேடையை அமைத்துக் கொடுத்தவன் நான். தப்புவதற்கு வேறு வழி அங்கே இருக்கவில்லை.

ஆனால் தாயின் கேள்வி அதற்கும் அப்பால் போகிறது. அது எழுதுகிற எல்லோரையும் தொடுகிறது. புலம்பெயர்ந்த வடக்கு முஸ்லிம்களின் வாழ்வைக் கதையாகவும் கவிதையாகவும் நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். கிடுகுக் குடிசைகளும், பகிர்ந்து குடித்த கிணறும், சீதனத்துக்கு வழியின்றிக் காத்திருந்த குமர்களும் நம் எழுத்தில் வந்திருக்கிறார்கள். எந்த உம்மாவிடம் கேட்டு எழுதினோம்? எல்லோரிடமும் அனுமதி வாங்கித்தான் எழுத வேண்டும் என்றால் ஒரு வரியும் எழுத முடியாது என்று நண்பர்கள் சொல்வார்கள். அநீதியை மூடிவைப்பவனுக்கு அந்த விதி நல்ல வசதியாகவும் போகும். அதை நான் மறுக்கவில்லை.

என்றாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அநீதியைச் சொல்வதற்காகத் தாயைப் பற்றி எழுதும்போது, நல்ல எழுத்தானால், அங்கே அவள் முழு மனுஷியாக நிற்பாள். வாசிக்கிறவன் அவளைத்தான் பார்ப்பான். வெல்வதற்காக அவளை எடுக்கும்போது பார்க்கப்படுகிறவன் எடுத்தவன். அவள் அவன் கையில் ஒரு கல். எங்கள் மாணவனின் பாட்டில் இரண்டும் கலந்திருந்தன. பஸ்ஸில் போகிறவர்கள் முகத்தைத் திருப்புவதைச் சொன்னானே, அந்த வரியில் அவன் தாய் இருந்தாள். அங்கே வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள். அடுத்த வரியில் அவள் மறைந்துபோனாள், அவனும் எதிராளியும் மட்டுமே நின்றார்கள். மாவும் முடியும் ஒன்றாகக் கிடக்கிற இடம் அதுதான். உருவி எடுப்பதற்கு நிதானம் வேண்டும், கேட்டறிய ஆளும் வேண்டும். போட்டி மேடையில் இரண்டுக்கும் நேரமில்லை.

‘சொல்லடி’யைத் தடைசெய்ய வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. பதினாறு வருடம் அடைத்துவைத்த ஒன்றை அந்தப் பெடியன் சபையில் எழுந்து சொல்ல முடிந்தது இந்த விளையாட்டால்தான். அதை மூடினால் அது மண்டபத்தை விட்டு மதிலுக்குப் பின்னால் போகும், அங்கே இன்னும் மோசமாக நடக்கும். மாணவர்களையே இருத்திவைத்துப் பேசினோம். எதிரே நிற்பவனைத் தவிர அவன் வீட்டில் ஒருவரையும் தொடுவதில்லை என்று அவர்களே முடிவெடுத்தார்கள். சொந்த வீட்டைத் தொடலாமா என்ற கேள்விக்கு ஒருமித்த முடிவு வரவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தாய் வந்துபோனதை மட்டும் அவனைத் தனியாக அழைத்துச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

மூன்றாம் தவணைக் கூட்டத்துக்கு முன்னதாக அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். போட்டிக்கல்ல, தனியாகப் பாடப்போகிறேன் என்றான். தகப்பனைப் பற்றிய பாட்டு. அதில் ஒரு வரி நீல மையால் அடிக்கப்பட்டிருந்தது. அம்மா அதை மட்டும் வேண்டாம் என்று சொன்னா, மற்றதெல்லாம் பாடச் சொன்னா என்றான். அடித்த வரி தாளின் மறுபக்கம்வரை பதிந்திருந்தது. அது என்ன வரி என்று நான் வாசித்துப் பார்க்கவில்லை.